அடைக்கோழியும் வளவுப் பொருளாதாரமும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

மட்டக்களப்புப் பிரதேசத்தின் சமூக வரலாற்றை எழுதப் புகுந்தோர் வயலையும் கோயிலையும் கூத்துக் களரியையும் மையமாகக் கொண்டே தமது முயற்சிகளைப் பெரும்பாலும் அமைத்துள்ளனர். 1921 இல் வெளிவந்த எஸ். ஓ. கனகரத்தினத்தின் மட்டக்களப்பு மாவட்டம் பற்றிய ஆங்கில நூல், 1962 இல் எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, 1964 இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ ஆகியன இத்துறையில் அடிப்படை நூல்களாக விளங்குகின்றன. இவற்றின் பெறுமதி மறுக்கத்தக்கதன்று. ஆயினும் வரலாற்றெழுத்தில் உற்பத்தி எனக் கொள்ளப்பட்டது பெரும்பாலும் வயலில் விளைந்த நெல்லே. வளவின் மூலையிலே கடகமொன்றினுள் அடைகிடந்த பேட்டுக்கோழியும், அதனை அடை வைத்த பெண்ணும் அந்தக் கணக்கினுள் வந்து சேரவில்லை.

கோழி அடை வைப்பதைப் பற்றி ஆராய்ச்சிச் சஞ்சிகையொன்றில் எழுதவேண்டுமா என்ற வினா எழலாம். ஒரு சமூகம் தன் வாழ்வுக்கு வேண்டியவற்றை எவ்வாறு உற்பத்தி செய்கின்றது, அவ்வுற்பத்திக்கான சாதனங்களை எவ்வாறு மீளவும் தோற்றுவித்துக் கொள்கின்றது, அச்சாதனங்கள் யார் கையில் உள்ளன என்பனவே வரலாற்றுப் பொருள்முதல்வாத ஆய்வின் முதல் வினாக்கள். நிலமற்ற ஏழைக் குடும்பத்துப் பெண்ணொருத்தியின் கையில், கடனின்றியும் தரகரின்றியும் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் உற்பத்திச் சாதனமாக இருந்தது அடைக்கோழியே என்பதும், அடைகாத்தல் என்னும் செயல் கோழியினின்றும் பிரித்தெடுக்கப்பட்ட வரலாறு உண்மையில் அச்சாதனம் அவளிடமிருந்து பிரிக்கப்பட்ட வரலாறே என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ முற்படும் கருத்துக்களாகும்.

2

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதற்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதி எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கேயுள்ள பகுதி படுவான்கரை எனவும் வழங்கும். ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி முதலிய ஊர்கள் எழுவான்கரையிலும், வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி முதலியன படுவான்கரையிலும் உள்ளன. நெல் வயல்களிற் பெரும்பகுதி படுவான்கரையிலேயே அமைந்துள்ளது. இப்பிரதேச வழக்கில் ‘வேளாண்மை’ என்னும் சொல் நெற்செய்கையையே குறிப்பது, அப்பயிர் இங்குப் பெற்றுள்ள முதன்மையைக் காட்டும்.

நெற்செய்கையின் உற்பத்தியுறவுகள் நன்கு அறியப்பட்டவை. பெருநிலம் போடியார்களின் கையிலிருந்தது. வயலில் உழைத்தவர்கள் முல்லைக்காரர்கள். விதைப்புக் காலத்திலே நெல்லைக் கடனாகப் பெற்று, அறுவடையிலே வட்டியோடு திருப்பிக் கொடுப்பது உழைப்பவனுக்கு வழக்கமான கதியாயிற்று. களவெட்டியில் நெல் அளக்கப்படும்பொழுது அவனுடைய ஆண்டு முழுவதன் உழைப்பும் அளந்து தீர்க்கப்பட்டது.

ஆனால் இப்பிரதேசத்துச் சமூக அமைப்பில் பிறிதொரு கூறும் உண்டு. இங்குக் குடிமரபு தாய்வழியாக வருவது. திருமணமாகும் மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுக்கப்பட, கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்வது பெருவழக்கு. தாய்வழி உரிமையை அடிப்படையாகக் கொண்ட முக்குவர் சட்டத்தைப் பற்றி கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876 இல் நூலொன்றை வெளியிட்டார். அதே ஆண்டில் பிரித்தானிய ஆட்சி பிறப்பித்த 15 ஆம் இலக்க மணவுரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அம்மரபுச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. சட்டம் மாறியபோதும், வீடும் வளவும் மகளைச் சேரும் வழக்கம் சீதன வடிவில் நீடித்தது. எனவே, வயலின் மீது அதிகாரஞ் செலுத்தியவர்கள் ஆடவராயினும், வளவு பெண்ணின் ஆட்சிக்குட்பட்ட இடமாகவே இருந்து வந்துள்ளது.

இவ்வளவிலே வளர்ந்த உயிர்களுள் மாட்டுக்கும் எருமைக்கும் பட்டி வேண்டும், மேய்ச்சல் நிலம் வேண்டும். அவை பெரும்பாலும் ஆண்களின் சொத்து. கோழிக்கோ வேலியோரமும் குசினிக்குப் பின்புறமும் போதுமானவை. களவெட்டியிலிருந்து வீடு வந்த நெல்லைத் தூற்றியபோது விழுந்த பதரும், குற்றிப் புடைத்தபோது கழிந்த குறுணலும் தவிடும், திருவிய தேங்காயின் மிச்சமும், மண்ணைக் கிளறி அது தானே தேடிக்கொண்ட புழுவும் கறையானும் அதன் உணவு. வேறுவிதமாகக் கூறுவதாயின், போடியாரின் அளவைக்குள் அகப்படாது சிந்திய மிச்சத்தை முட்டையாகவும் இறைச்சியாகவும் மாற்றிய உயிர் அது.

நெல்லுக்கும் கோழிக்குமுள்ள இத்தொடர்பு மட்டக்களப்புக்கு மட்டும் உரியதன்று. 2022 இல் வெளியான தொல்லியல் ஆய்வொன்று, வீட்டுக்கோழியினுடையவை என ஐயமின்றிக் கொள்ளத்தக்க மிகப் பழைய எலும்புகளைத் தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னுமிடத்திற் கண்டு, அவற்றின் காலத்தைக் கி.மு. 1650 - 1250 எனக் கணித்தது. காட்டுக்கோழியை மரத்திலிருந்து இறங்கி மனிதர் குடியிருப்பை நாடச் செய்தது நெல், தினை ஆகிய தானியங்களின் செய்கையே என்பது அவ்வாய்வாளரின் முடிவு. மனிதன் கோழியைப் பிடித்து வந்தான் என்பதிலும், தானிய உற்பத்தியின் மிச்சம் கோழியை அழைத்து வந்தது என்பதே பொருத்தமாகும்.

3

தமிழிலக்கியத்திற் சேவல் பெற்ற இடம் பெரிது. அது முருகனின் கொடியில் நிற்பது; விடியலை அறிவித்துக் காதலரைப் பிரிப்பது; போரிடுவது. பேட்டுக்கோழி அத்தகைய சிறப்பெதனையும் பெற்றிலது. எனினும் இலக்கணமும் இலக்கியமும் தம்மையறியாமலே சில சான்றுகளை விட்டுச் சென்றுள்ளன.

தொல்காப்பிய மரபியல், கோழியின் பெண்ணுக்கும் கூகையின் பெண்ணுக்கும் ‘அளகு’ என்னும் தனிப்பெயரை உரிமையாக்கி, மயிலுக்கும் அது பொருந்துமென்று கூறும். அதே மரபியல் பறவையின் இளமைப் பெயர்களாகப் ‘பார்ப்பு’, ‘பிள்ளை’ என்பவற்றைத் தரும். மனிதரின் பிள்ளைக்கும் பறவையின் குஞ்சுக்கும் ஒரே சொல் வழங்கியமை, வீட்டு முற்றத்தில் இரண்டும் ஒன்றாக வளர்ந்த வாழ்க்கையை நினைவூட்டுகின்றது.

பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வ மகளிர் முற்றத்தில் உலரவிட்ட தானியத்தைக் கவர வந்த கோழியின் மீது தமது கனத்த காதணியை எறிவதாகவும், அது சிறுவர் உருட்டும் மூன்றுகாற் சிறுதேரை வழிமறிப்பதாகவும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியுள்ளார். உரையாசிரியர் வழிவந்த மரபு இதனை நகரத்தின் வளத்துக்குச் சான்றாகவே கொள்ளும். நாம் பிறிதொன்றையும் இதிற் காணலாம். வணிகப் பெருநகரின் செல்வப் பெண்ணுக்குக் கோழி விரட்டத்தக்க பொருள். அதனால் வரும் வரவு அவளுக்குத் தேவையில்லை. அக்கோழியை அடை வைத்தவள் அந்நகரிலேயே வேறெங்கோ, பாட்டுக்கு வெளியே இருந்திருத்தல் வேண்டும்.

பழமொழிகளோ வெளிப்படையானவை. பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்பது பெண்ணின் வாயை அடைப்பதற்குத் தமிழர் சமூகம் வழிவழியாகப் பயன்படுத்தி வந்த கருவி. விடியலைப் பண்ணுவது சேவலின் கூவலன்று என்பதும், அச்சேவலும் ஒரு பேட்டின் சிறகினடியிற் பொரித்ததே என்பதும் பழமொழி மறைத்த உண்மைகள். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்ற மற்றொரு பழமொழி தாய்மையைப் போற்றுகின்றது. ஒன்றில் அடக்கப்பட்டும் மற்றொன்றிற் போற்றப்பட்டும் நிற்கும் பெண், இரண்டிலும் உழைப்பாளியாகக் காணப்படவில்லை என்பது நோக்கத்தக்கது.

4

அடை வைத்தல் தேர்ச்சி வேண்டிய ஒரு தொழில். பேடு பன்னிரண்டு முட்டையளவில் இட்டு முடித்ததும் கூட்டை விட்டு எழாது, சிறகைச் சிலிர்த்து, தொட வரும் கையைக் கொத்த முனையும். அடைக்கு வந்துவிட்டது என்பது அப்போது தெரியும். மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் புரோலக்டின் என்னும் சுரப்பு அதிகரிப்பதே இதற்குக் காரணம் என்பது பின்வந்த அறிவியலின் விளக்கம். அவ்விளக்கமின்றியே, எந்தப் பேடு அடையில் நிலைக்கும், எது இடையில் எழுந்தோடும், எது குஞ்சை மிதிக்கும் என்பவற்றை வளவுப் பெண் தன் அனுபவத்தால் அறிந்திருந்தாள்.

முட்டையைத் தெரிவதிலும் ஒழுங்குண்டு. ஒரு வாரத்துக்கு மேற்பட்டவை பொரிப்பது குறையும். நீரில் மிதப்பவை தள்ளப்படும். கடகத்தினுள் மணலும் வைக்கோலும் பரப்பி, குழியாக்கி, பேட்டின் வயிறு மூடக்கூடிய அளவு முட்டைகளே வைக்கப்படும். இருள் சூழ்ந்த பின்னர் பேட்டை அதில் இருத்துவது அது குழம்பாமலிருக்கும் பொருட்டு. ஏழாம் நாளளவில் முட்டையை விளக்கொளியிற் பிடித்துப் பார்த்தால், கருவுற்றதில் நரம்புகள் சிலந்தி வலைபோலத் தோன்றும், வெறுமையானது தெளிந்திருக்கும். வெறுமையானவற்றை உடனே எடுத்துவிட்டால், கூழ்முட்டையாகி வெடித்து மற்றவற்றைக் கெடுப்பது தவிர்க்கப்படும். பேடு முட்டைகளை நாளொன்றுக்குப் பலமுறை புரட்டும். ஒருமுறை எழுந்து தீன் தின்று திரும்பும். 21 ஆம் நாள் குஞ்சுகள் ஓட்டை உடைக்கும். தாரா முட்டையாயின் 28 நாள் செல்லும். அதனையும் கோழியைக் கொண்டே பொரிக்க வைப்பதுண்டு.

பேடு அடைக்கு வந்தும் அடை வைக்க விரும்பாதவிடத்து அதனைத் தெளிவிக்கவும் முறைகள் இருந்தன. தண்ணீரில் நனைத்தல், காற்றோட்டமான இடத்திற் கட்டி வைத்தல், மூக்கில் இறகைச் செருகுதல் என்பன தமிழ் ஊர்கள் பலவற்றில் அறியப்பட்டவை. அடிவயிற்றின் வெப்பத்தைத் தணித்தால் அடைக்குணம் நீங்கும் என்ற அவதானம் முதலிரண்டின் அடியில் உள்ளது.

முட்டைகளை ஒற்றைப்படையாக வைத்தலும், இடி முழக்கத்தால் முட்டை கெடாதிருக்க இரும்புத் துண்டையும் கரியையும் கூட்டினுள் இடுதலும் தமிழரிடையே காணப்படும் வழக்கங்கள். இவற்றை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமைய நாட்டில் வேளாண்மை பற்றி எழுதிய கொலுமெல்லாவும் ஒற்றை எண்ணையும், இடிக்கெதிராக வைக்கோலின் கீழ் இடப்படும் இரும்பாணியையும் குறிப்பிடுகின்றார். அவருடைய காலத்தவரான பிளினியும் இரும்பாணியைக் குறிப்பிட்டுள்ளார். ஒன்றையொன்று அறிந்திருக்கத் தேவையில்லாத இரு சமூகங்களில் ஒரே சடங்கு தோன்றியதாயின், அதற்குக் காரணம் ஒரே பொருளியல் நிலைமையே எனலாம். மூன்று வாரம் காத்திருந்தும் முட்டை பொரிக்காது போவது சிறு உடைமையாளனுக்குப் பெருநட்டம். அந்நட்டத்தின் காரணம் ஓட்டுக்குள் மறைந்திருப்பது. அறிய முடியாத இழப்பின் முன்னே மனித உழைப்பு கையாண்ட காவலே அவ்விரும்புத் துண்டு.

குஞ்சு பொரித்த பின்னரும் வேலை முடிவதில்லை. பருந்து, காகம், கீரி, மரநாய், பாம்பு என்பவற்றிடமிருந்து காப்பதிற் பேட்டின் எச்சரிக்கை ஒலியே முதற் காவல். சாணத்தையும் வைக்கோலையும் சட்டியில் நிரப்பிக் கவிழ்த்து வைத்து, அதில் ஏறிய கறையானைக் குஞ்சுகளுக்குக் கொட்டுவது செலவற்ற புரதவுணவு. இரண்டு பேடுகள் ஒரே வேளையிற் பொரித்தால், எல்லாக் குஞ்சுகளையும் ஒன்றிடம் ஒப்படைத்து மற்றதை மீண்டும் முட்டைக்கு விடுவது உழைப்பின் திட்டமிடல்.

இவ்வேலைகளைச் செய்தவளும் வர்க்க உறவுகளுக்கு அப்பாற்பட்டவளல்லள். சொந்தமாகப் பேடு இல்லாதவள் வசதியுள்ள வீட்டிலிருந்து ஒன்றைப் பெற்று வளர்த்து, பொரித்த குஞ்சுகளிற் பாதியைத் திருப்பிக் கொடுக்கும் வார முறை தமிழ்க் கிராமங்களில் உண்டு. வயலிலுள்ள வாரம் வளவிலும் தன் சிறுவடிவிலே நிலவியது. எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. வயல் வாரத்திற் பங்கு கொடுத்த பின்னரும் நிலம் உழைத்தவனுக்கு வருவதில்லை. கோழி வாரத்திலோ, ஓர் அடை பொரித்ததும் மிஞ்சிய பேட்டுக் குஞ்சு அவளுடையதாகி, அடுத்த ஆண்டில் அதுவே அடைக்கோழியாகும்.

5

இத்தொழிலின் உயிர்நாடியான அடைகாத்தல், கோழியினின்றும் பிரித்தெடுக்கப்பட்டது எவ்வாறு? செயற்கைப் பொரிப்பு பழமையானதே. எகிப்தில் முட்டைகளைச் சாணக் குவியலில் புதைத்துப் பொரிக்க வைத்ததை அரிஸ்தோத்தில் குறிப்பிடுகின்றார். ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒருங்கே பொரிக்கும் சூளைகள் அந்நாட்டில் நெடுங்காலம் இயங்கின. 1749 இல் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் இத்துறையில் விரிவான நூலொன்றை வெளியிட்டார். எனினும் இவை கோழியின் இயல்பை மாற்றவில்லை.

மாற்றம் வந்தது முதலாளித்துவ வேளாண்மையோடுதான். 1879 இல் கலிபோர்னியாவின் பெற்றலூமா நகரில் லைமன் பைஸ் உருவாக்கிய பொரிப்பு இயந்திரம் சந்தைக்கான உற்பத்திக்கு வழி திறந்தது. பொரித்த குஞ்சின் வயிற்றினுள் எஞ்சிய மஞ்சட்கரு இரண்டு மூன்று நாள் தீனின்றி அதனைத் தாங்கும். பிந்திப் பொரிக்கும் குஞ்சுகளுக்காகத் தாய் கூட்டில் தங்கியிருக்கும் வேளையில் முந்திப் பிறந்தவை பசியால் வாடாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. அந்த ஏற்பாடே ஒருநாட் குஞ்சைப் பெட்டியிலடைத்துத் தொலைவுக்கு அனுப்பும் வணிகத்துக்கு அடிப்படையாயிற்று. 1918 இல் ஐக்கிய அமெரிக்காவின் அஞ்சற் சேவை குஞ்சுகளை அதிகாரபூர்வமாக ஏற்கத் தொடங்கியது. 1936 இல் ஹை-லைன் நிறுவனம் கலப்பினச் சோளத்தின் முறையைக் கோழிக்கும் பிரயோகித்தது. கலப்பினக் கோழியின் குஞ்சு தாயின் பண்புகளை அவ்வாறே பெறாது. ஆதலின் வளர்ப்பவன் ஒவ்வொரு முறையும் குஞ்சை விலைக்கு வாங்கவே வேண்டும். இவ்வளர்ச்சியோடு, அடைக்கு வருதல் என்னும் குணமே முட்டை இழப்புக்குக் காரணமான குறையாகக் கருதப்பட்டு, லெகோர்ன் போன்ற முட்டையினங்களில் தெரிவு முறையால் அகற்றப்பட்டது.

‘மூலதனம்’ இரண்டாம் தொகுதியில், மூலதனத்தின் சுழற்சிக் காலத்தைக் குறைக்கும் வழிகளை ஆராயும் மார்க்ஸ், செம்மறியாட்டின் வளர்ச்சிக் காலத்தைத் தெரிவு முறையாற் சுருக்கிய பேக்வெல் என்னும் ஆங்கிலப் பண்ணையாளரை எடுத்துக்காட்டுவார். உற்பத்திக்காலம் வேறு, உழைப்புக்காலம் வேறு என்பதும், இயற்கை தன் போக்கில் எடுத்துக்கொள்ளும் காலத்தை மூலதனம் தடையாகவே காண்கின்றது என்பதும் அவ்வாராய்ச்சியிற் புலப்படும். அடைகிடக்கும் 21 நாளும், குஞ்சு காக்கும் இரண்டு மாதமும் மூலதனத்தின் நோக்கில் வீண்காலம். வளவுப் பெண்ணின் நோக்கில் அதுவே இனப்பெருக்கத்தின் காலம்.

ஊர்க்கோழி ஆண்டுக்கு 40 முதல் 60 முட்டை இடும் என்றும், பண்ணைக்கோழி 300 இடும் என்றும் ஒப்பிட்டு, முன்னதைப் பயனற்றதெனத் தள்ளும் வாதம் நாமனைவரும் கேட்டது. இவ்வொப்பீடு வேறுவேறான இரண்டை ஓரளவுகோலால் அளப்பது. முட்டையிட இரண்டு மூன்று வாரம், அடைகாக்க மூன்று வாரம், குஞ்சு வளர்க்க இரண்டு மாதம் எனக் கொண்டால் ஒரு சுற்றுக்கு நூறு நாள் அளவு செல்லும். ஆண்டுக்கு மூன்று சுற்றே இயலும். எனவே 40, 50 என்னும் எண் கோழியின் இயலாமையைக் காட்டுவதன்று. அது எத்தனை வேலைகளை ஒருங்கே செய்கின்றது என்பதைக் காட்டுவது. 300 முட்டையிடும் கோழிக்குப் பின்னால் தாய்க்கோழிப் பண்ணை, பொரிப்பகம், சூடேற்றிய கூடு, தீவன ஆலை, இறக்குமதிக் கப்பல் ஆகியன நிற்கின்றன. ஊர்ப்பேட்டிடம் அவையனைத்தும் அதன் சிறகினடியிலேயே உள்ளன.

6

இலங்கையிலும் இப்பிரிவு படிப்படியாக நிகழ்ந்தது. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் பண்ணைகளும், குண்டசாலையை அடுத்த கரந்தகொல்லவிலுள்ள மத்திய கோழி ஆராய்ச்சி நிலையமும் மேம்பட்ட இனங்களைச் சிறு வளர்ப்பாளருக்கு வழங்க முயன்றன. 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின்னர் தனியார் நிறுவனங்கள் இத்துறையிற் பெருகின. தாய்க்கோழி, பொரிப்பு, தீவனம், இறைச்சி என்பன பெருநிறுவனங்களின் கீழ் ஒன்றிணைந்தன. அத்தாய்க்கோழிகளின் மூலத் தலைமுறைகளோ உலகின் ஒரு சில பன்னாட்டு நிறுவனங்களின் உடைமையாயின.

வாவிப் பிரதேசத்தில் இம்மாற்றம் போரினூடாகவே வந்து சேர்ந்தது என்பது அதன் தனித்துவம். 1978 நவெம்பர் 23 இல் வீசிய சூறாவளி இப்பிரதேசத்துத் தென்னந்தோட்டங்களை வீழ்த்தியது. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் படுவான்கரை மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 1990 இன் வன்முறைகள் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையிலிருந்த அன்றாடக் கொடுக்கல் வாங்கலையும் சிதைத்தன. 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலை எழுவான்கரையைத் தாக்கியது. 2006, 2007 ஆம் ஆண்டுகளில் பெருந்தொகையானோர் முகாம்களில் வாழ நேர்ந்தது. இடம்பெயர்பவர் கோழியைக் கொண்டு செல்ல இயலாது. திரும்பி வந்தபோது வளவு இருந்தது, பேடு இருக்கவில்லை.

மீள்குடியேறியோருக்கு, குறிப்பாகக் கணவரை இழந்த பெண்களுக்கு, வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சும் கூடும் வழங்குதல் பரவலாயிற்று. உதவியின் நன்னோக்கம் வேறு. அது தோற்றுவித்த உறவு வேறு. ஊர்க்கோழியையும் ஊருக்கேற்ற இனத்தையும் வழங்கிய இடங்களில் அவை தம்மைத் தாமே பெருக்கின. அடைக்கு வராத கலப்பினக் கோழி வழங்கப்பட்ட வீட்டிலோ, முதற்றொகுதி முட்டையிட்டு ஓய்ந்ததும், மீண்டும் குஞ்சும் தீவனமும் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. உற்பத்திச் சாதனம் கைக்கு வந்தது. அதனை மீளத் தோற்றுவிக்கும் ஆற்றல் வரவில்லை.

இதே காலத்தில் நுண்கடன் நிறுவனங்கள் கிழக்கின் கிராமங்களுக்குட் புகுந்தன. வாராவாரம் தவணை கட்டவேண்டிய பெண்ணுக்கு, மூன்று வாரம் காத்திருந்து குஞ்சாக்கும் முட்டையை அன்றே விற்கவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்படும். கடனின் காலமும் அடையின் காலமும் முரண்படுமிடம் இது. கடன்சுமை பெருந்துயராக முற்றியபின், 2018 இல் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலுள்ள பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. கடனின் மூலகாரணங்கள் அதனால் நீங்கவில்லை.

2021 இல் இரசாயன உரத் தடையினால் சோளச் செய்கையும் பாதிக்கப்பட்டது. 2022 இல் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது. தீவனமும் தாய்க்கோழியும் இறக்குமதி செய்ய முடியாது பண்ணைகள் சுருங்கின. முட்டை விலை ஏழைகளுக்கு எட்டாததாயிற்று. 2023 இல் அரச வர்த்தகக் கூட்டுத்தாபனம் இந்தியாவிலிருந்து முட்டைகளை இறக்குமதி செய்தது. முட்டையை வெளிநாட்டிலிருந்து வருவிக்கவேண்டிய நிலை, கோழியின் இனப்பெருக்கமே டொலருக்குக் கட்டுப்பட்டுவிட்டதன் விளைவு. பதரையும் குறுணலையும் தின்று தானே குஞ்சு பொரிக்கும் பேட்டுக்கு டொலர் வேண்டியதில்லை.

7

இதனால் பழமைக்குத் திரும்புவோம் என்று நாம் கூறவில்லை. வளவுக்கோழி வளர்ப்பின் குறைகள் பல. இராணிக்கெட் எனப்படும் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தால் ஓரிரு வாரத்தில் ஊரின் கோழிகள் அனைத்தும் மடியக்கூடும். பொரித்த குஞ்சுகளிற் பெரும்பகுதி பருந்துக்கும் கீரிக்கும் இரையாகும். பெண்ணின் உழைப்புக்கு எவரும் கூலி கணக்கிட்டதில்லை. நகரின் உழைக்கும் மக்களுக்கு மலிவான முட்டை வேண்டும் என்பதும் நியாயமான தேவையே. அதனை வளவுகள் மட்டும் நிறைவேற்ற இயலாது. கிராம வாழ்வை இலட்சியப்படுத்தும் குட்டி முதலாளித்துவ மனோபாவம் இவ்வுண்மைகளை மறைத்துவிடும்.

பொரிப்பு இயந்திரம் தன்னளவிற் பகையன்று. அது யார் உடைமை, யார் தேவைக்கு இயங்குகின்றது என்பதே வினா. அவுஸ்திரேலியாவில் பீற்றர் ஸ்பிராட்புரோவும் அவருடன் பணியாற்றியோரும் உருவாக்கிய ஐ-2 என்னும் தடுப்பு மருந்து, வெப்பத்தை ஓரளவு தாங்குவதாய், குளிர்பதன வசதி குறைந்த கிராமங்களின் கோழிகளுக்கென்றே அமைந்தது. அறிவியல் மூலதனத்துக்கு மட்டுமே ஊழியஞ் செய்யவேண்டுமென்ற நியதி இல்லை என்பதற்கு இது சான்று. காலந்தவறாத தடுப்பு மருந்து, குஞ்சுகளைக் காக்கும் எளிய கூடு, நன்கு அடைகாக்கும் ஊர்ப்பேடுகளைத் தெரிந்து பெருக்கும் பெண்களின் கூட்டுறவு, அக்கூட்டுறவின் உடைமையாகவே ஒரு சிறு பொரிப்பு இயந்திரம் என்பன கிடைத்தால், அடைக்கோழியும் இயந்திரமும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை. வாழ்வாதார உதவித் திட்டம் ஒவ்வொன்றிடமும் கேட்கவேண்டிய முதற்கேள்வியும் இதிலிருந்தே எழுகின்றது: வழங்கப்படும் கோழி அடைகாக்குமா, அடுத்த தலைமுறை யார் கையிலிருந்து வரும்?

நம் போன்ற ஆய்வாளர்க்கும் பணியுண்டு. மட்டக்களப்பின் கூத்தும் குளிர்த்தியும் பெருமளவு பதிவு செய்யப்பட்டுவிட்டன. அடை வைப்பதற்குரிய சொற்கள், பேட்டைத் தெரியும் முறைகள், வாரக் கணக்கு, நோய்க்கு இட்ட மருந்து என்பன முதிய பெண்களின் நினைவிலேயே உள்ளன. படுவான்கரையின் பழைய தலைமுறை மறைவதற்கு முன் இவற்றைக் கேட்டெழுதுவது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணி. அவ்வாறு எழுதப்படும்போது அவற்றைக் கூறிய பெண்கள் வெறும் தகவலாளராக அன்றி, உற்பத்தி அறிவின் உடைமையாளராக இடம்பெறுதல் வேண்டும்.